ஆபரேஷன் முடிஞ்ச அந்த ராத்திரி: மரப்பு ஊசியும் மூலமும், ஒரு 140 வருஷக் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு டாபிக்கைக் கேட்டதும் சில பேர் சிரிப்பீங்க, சில பேர் ஹெட்போன் சவுண்டைக் குறைப்பீங்க. மூலம். அதாவது பைல்ஸ். கரன்ட் கம்பத்துலயும் பஸ் ஸ்டாண்ட் சுவர்லயும் "மூலம், பௌத்திரம்" போஸ்டரைப் பார்க்காம தமிழ்நாட்டுல வளர்ந்தவங்க இருக்க முடியாது. ஊர் முழுக்க எழுதி ஒட்டியிருக்கற நோய். ஆனா வீட்டுக்குள்ள யாரும் வாய்திறந்து சொல்றதில்ல.

ரத்தம் போறது தெரிஞ்சும் வருஷக்கணக்கா டாக்டர்கிட்ட போகாம இருக்கறவங்க நிறைய. வெட்கம் ஒரு காரணம். பயம் இன்னொரு காரணம். அந்தப் பயம் பெரும்பாலும் ஒரு கதையில இருந்து வருது. ஏற்கனவே ஆபரேஷன் பண்ணிக்கிட்ட சித்தப்பாவோ ஆபீஸ் சீனியரோ சொல்வாங்க: "தியேட்டருக்குள்ள ஒண்ணுமே தெரியலடா. ராத்திரிதான்..."

இன்னைக்கு எபிசோட் அந்த ராத்திரியைப் பத்தினது. வலிக்காம வெட்டறதுக்கு 1880-கள்லயே மருத்துவம் வழி கண்டுபிடிச்சிடுச்சு. வெட்டி முடிச்ச பிறகு வலிக்காம வச்சிருக்கறதுக்கு இன்னும் போராடிக்கிட்டு இருக்கு. அந்தப் போராட்டத்தோட ஒரு கிளை 2023-ல் அமெரிக்காவுல ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரைக்கும் போச்சு. அங்க வந்து சேருவோம். முதல்ல உடம்பு.

ஆசனவாய்க்கு உள்ள, ஓரிரு சென்டிமீட்டர் மேல, பல்வரிசை மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போற ஒரு கோடு இருக்கு. அந்தக் கோட்டுக்கு மேல இருக்கற சவ்வுல குத்தினாலும் வெட்டினாலும் நமக்குச் சரியாத் தெரியாது. குடலுக்குப் போற நரம்பு அப்படி. கோட்டுக்குக் கீழ இருக்கறது தோலோட சேர்ந்த பகுதி. அங்க நரம்புகள் நெருக்கமா இருக்கு, விரல் நுனி மாதிரி உணரும். உள்மூலம் வலியே இல்லாம வெறும் ரத்தமா போறதுக்கு இதுதான் காரணம். ஆனா பெரிய மூலத்தை அறுத்து எடுக்கும்போது கத்தி கோட்டைத் தாண்டிக் கீழ வந்துதான் ஆகணும். அதோட, அங்க இருக்கற உள்சுருக்குத் தசை நம்ம பேச்சைக் கேட்கற தசை கிடையாது. புண் பட்டதும் அது தானாவே இறுக்கிப் பிடிக்கும். அந்த இறுக்கமே தனி வலி. இதெல்லாம் போதாதுன்னு, கையில கட்டு போட்டுத் தொங்கவிடற மாதிரி இந்த இடத்துக்கு ஓய்வு கொடுக்க முடியாது. ஒரு நாளோ ரெண்டு நாளோ கழிச்சு, மோஷன் போயே ஆகணும்.

மூலத்துக்கு அறுவை வைத்தியம் புதுசு இல்ல. சுஸ்ருத சம்ஹிதையில மருந்து, காரம், சூடு, கத்தின்னு நாலு வழி சொல்லியிருக்கு. இன்னைக்கு உலகம் முழுக்கப் பண்ற ஆபரேஷனோட வடிவம் மட்டும் லண்டன்ல இருந்து வந்தது. 1835-ல் ஃபிரெடரிக் சால்மன்ங்கற சர்ஜன், இந்த மாதிரி வெளிய சொல்ல முடியாத நோய் வந்த ஏழைகளுக்காக ஒரு சின்ன மருத்துவமனை ஆரம்பிச்சார். பின்னாடி அது செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரி ஆச்சு. சார்லஸ் டிக்கன்ஸுக்கு 1841-ல் பௌத்திரம் ஆபரேஷன் பண்ணது இதே சால்மன்தான். ஈதர் மயக்கம் உலகத்துக்குத் தெரிஞ்சது 1846-ல். அப்போ அஞ்சு வருஷம் முன்னாடி டிக்கன்ஸ், 29 வயசுல, முழு நினைவோட படுத்திருக்கார். யோசிச்சாலே கூசுது.

அதே செயின்ட் மார்க்ஸ்ல வேலை பார்த்த மில்லிகன், மோர்கன் குழு 1937-ல் எழுதின முறைதான் இன்னைக்கும் பாடப்புத்தகத்துல இருக்கு. மூலத்தை அறுத்து, ரத்தக்குழாயைக் கட்டி, புண்ணைத் தையல் போடாம திறந்தே விடுவாங்க. அது தானா ஆறணும். வாரக்கணக்குல ஆகும். தையல் போட்டு மூடற முறை அமெரிக்காவுல ஃபெர்குசன் 1950-கள்ல கொண்டு வந்தார். ரெண்டுலயும் முதல் சில நாள் கஷ்டம்தான்.

இப்ப ஒரு சின்ன கணக்கு. லிக்னோகெய்ன் ஊசி தனியா போட்டா ஒண்ணு ரெண்டு மணி நேரம் மரத்திருக்கும். புபிவகெய்ன் போட்டா நாலுல இருந்து எட்டு மணி நேரம். புண்ணு ஆற வாரங்கள். முதல் மோஷன் ரெண்டாவது நாளோ மூணாவது நாளோ. காலைல பத்து மணிக்கு ஆபரேஷன்னா, நல்ல மருந்து போட்டாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நீங்களும் உங்க புண்ணும்தான். மணிக்கும் நாளுக்கும் நடுவுல இருக்கற இந்த இடைவெளியைத்தான் 140 வருஷமா மூடப் பார்க்கறாங்க.

ஆரம்பம் வியன்னா, 1884. சிக்மண்ட் ஃப்ராய்ட் அப்போ மனோதத்துவ மேதை எல்லாம் இல்ல. பேரும் பணமும் வேணும்னு அலையற இளம் டாக்டர். கொக்கெய்ன் பத்தி ஒரு கட்டுரை எழுதிட்டு, கல்யாணம் பண்ணிக்கப்போற மார்த்தாவைப் பார்க்க ஊருக்குக் கிளம்பிட்டார். அவரோட ஃப்ரெண்ட் கார்ல் கோலர், 26 வயசு, கண் டாக்டர் ஆகணும்னு ஆசை. கொக்கெய்ன் நாக்குல பட்டா மரத்துப்போகுதுன்னு பல பேருக்குத் தெரியும். அப்போ கண்ணுல விட்டா? கோலர் தவளைக் கண்ணுல ஒரு சொட்டு விட்டார். தொட்டார். தவளை அசையல. அடுத்து முயல், நாய், அப்புறம் தன் கண்ணு. குண்டூசியோட தலையால கருவிழியை அழுத்தினார். ஒண்ணும் தெரியல.

அந்த செப்டம்பர்ல ஹைடல்பெர்க்ல கண் மருத்துவர்கள் மாநாடு. போக கோலர்கிட்ட காசு இல்ல. வேற ஒரு டாக்டர் அவர் சார்பா கட்டுரையைப் படிச்சார். சில வாரத்துல உலகம் முழுக்கச் செய்தி பரவிடுச்சு. ஃப்ராய்ட் திரும்பி வந்தப்போ புகழ் கைமாறியிருந்தது. பின்னாடி கோலரை யூதர்னு ஒரு சக டாக்டர் திட்டி, அது கத்திச் சண்டை வரைக்கும் போய், கடைசியில கோலர் வியன்னாவை விட்டே போயிட்டார். நியூயார்க்ல கண் டாக்டரா வாழ்ந்தார்.

கொக்கெய்னோட பிரச்சினை உங்களுக்கே தெரியும். நரம்புப் பாதையில ஊசி போட்டு ஒரு பகுதியையே மரக்க வைக்கலாம்னு அமெரிக்காவுல காட்டினவர் வில்லியம் ஹால்ஸ்டெட். தன் மேலயே பரிசோதிச்சு அதுக்கே அடிமையானார்.

நடுவுல 1898-ல் ஒரு திருப்பம். ஜெர்மனியில கீல் நகரத்துல ஆகஸ்ட் பியர்ங்கற சர்ஜன், முதுகுத்தண்டைச் சுத்தி இருக்கற திரவத்துக்குள்ள கொக்கெய்னைச் செலுத்தி இடுப்புக்குக் கீழ மரக்க வச்சார். இது உண்மையான்னு பார்க்க, அவரும் உதவியாளர் ஹில்டபிராண்டும் ஒருத்தரை ஒருத்தர் சோதிச்சாங்க. ஹில்டபிராண்டோட கால் எலும்புல சுத்தியலால அடிச்சார், சுருட்டால சுட்டார். அவருக்கு வலிக்கல. அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் ஒயின் குடிச்சு கொண்டாடினாங்க. மறுநாள் தாங்க முடியாத தலைவலி, கால் முழுக்கக் காயம். இன்னைக்கு நம்ம ஊர்ல மூலம் ஆபரேஷனுக்கு முதுகுல போடற ஊசி இருக்கே, அதோட தாத்தா இதுதான். உட்கார வச்சு, கனமான மருந்தைக் கீழ இறங்க விட்டு, குதிரைச் சேணத்துல படற இடத்தை மட்டும் மரக்க வைக்கறதும் உண்டு. அதுக்கு சேடில் பிளாக்னே பேர்.

ஆனா முதுகு ஊசி ஆபரேஷன் நேரத்துக்கான தீர்வு. சாயங்காலம் அதுவும் இறங்கிடும்.

கொக்கெய்னுக்கு மாத்தா ஆல்ஃபிரட் ஐன்ஹார்ன் உருவாக்கினது நோவோகெய்ன், 1905 வாக்குல புழக்கத்துக்கு வந்தது. பழக்க அடிமைத்தனம் இல்ல, விஷத்தன்மை குறைவு. ஆனா ரொம்ப சீக்கிரம் போயிடும். ஏன்னா மரப்பு மருந்து நரம்பைப் பிடிச்சிருக்கற வரைக்கும்தான் வேலை. ரத்தம் வந்து கழுவிக்கிட்டுப் போனதும் கதை முடிஞ்சது. அதனால ஹைன்ரிச் பிரவுன்ங்கற சர்ஜன் அட்ரினலினைக் கலந்தார். ரத்தக்குழாய் சுருங்கும், மருந்து அங்கயே கொஞ்ச நேரம் தேங்கும். நேரத்தை இழுக்கற முதல் தந்திரம் இது. பல் டாக்டர் இன்னைக்கும் இதைத்தான் போடறார்.

ரெண்டாவது தந்திரத்துக்குத் திரும்ப செயின்ட் மார்க்ஸ் போகணும். 1929-ல் டபிள்யூ. பி. கேப்ரியல்ங்கற அங்கத்த சர்ஜன், மரப்பு மருந்தைத் தண்ணிக்குப் பதிலா எண்ணெயில கரைச்சு ஆசனவாய் வெடிப்புக்கும் அரிப்புக்கும் ஊசியா போடறதைப் பத்தி எழுதினார். எண்ணெய் உடனே கரைஞ்சு ஓடாது. உள்ள தேங்கி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா விடும். மணியை நாளா மாத்தற யோசனை. கேட்க அருமையா இருக்கு. ஆனா தேங்கின எண்ணெய் சில சமயம் சீழ்க்கட்டியா மாறும், சதையை அழுக வைக்கும். அந்த இடத்துல சீழ் பிடிச்சா மூல வலியே தேவலாம்னு ஆயிடும்.

அமெரிக்காவுல 1950-களின் தொடக்கத்துல இதே கனவு எஃபோகெய்ன்ங்கற பேர்ல வந்தது. ஒரே ஊசி, பல நாள் மரப்பு. நிஜமாவே வேலை செஞ்சது. ஏன் வேலை செஞ்சதுன்னு பார்த்தப்போதான் தூக்கிவாரிப் போட்டது: மருந்தைக் கரைச்சு வச்சிருந்த கிளைக்கால் திரவம் நரம்பையே சேதப்படுத்திக்கிட்டு இருந்தது. வலி தெரியலன்னா, நரம்பு தூங்குதுன்னு அர்த்தம் இல்ல, செத்துக்கிட்டு இருக்கு. முதுகுத்தண்டு பக்கத்துல போட்டு கால் செயலிழந்த கேஸ்களும் வெளியாச்சு. மருந்து சந்தையில இருந்து போயிடுச்சு. இந்தக் கதையை இவ்வளவு நீட்டிச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. "எத்தனை நாள் வலிக்கல"ங்கற ஒரே அளவுகோலை வச்சிருந்தா, எஃபோகெய்ன்தான் அந்தக் காலத்துல ஜெயிச்ச மருந்து.

இதுக்கு நடுவுல ஸ்வீடன்ல ஒரு அதிர்ஷ்டம். பார்லிப் பயிர்ல இருக்கற ஒரு ரசாயனத்தை ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்த ஹோல்கர் எர்ட்மன், தான் தயாரிச்ச ஒரு பொருளை நாக்குல வச்சுப் பார்த்தார் (அந்தக் கால வேதியியல்காரங்களுக்கு இது சகஜம்!). நாக்கு மரத்துப் போச்சு. அந்த நூலைப் பிடிச்சுக்கிட்டே போன நில்ஸ் லோஃப்கிரென், 1943-ல் லிடோகெய்னைத் தயாரிச்சார். அவரோட இளம் சகா பெங்த் லுண்ட்க்விஸ்ட் ஒரு மயக்க மருந்துப் புத்தகத்தைக் கடன் வாங்கிப் படிச்சு, தன் உடம்புலயே போட்டுப் பார்த்தார். ஆஸ்ட்ரா கம்பெனி உரிமையை வாங்கி, 1948-ல் சைலோகெய்ன்னு சந்தைக்குக் கொண்டு வந்தது. நம்ம ஊர்ல இதையே லிக்னோகெய்ன்னு சொல்வோம். மூலத்துக்குத் தடவற களிம்பு டியூபைத் திருப்பிப் பாருங்க, பல பிராண்டுல இந்தப் பேர் இருக்கும்.

1957-ல் அதே ஸ்வீடன்ல புபிவகெய்ன். தயாரிச்சது போ அஃப் எகென்ஸ்டாம் குழு, வேலை பார்த்த இடம் போஃபர்ஸ். ஆமாங்க, அதே போஃபர்ஸ். நம்ம ஊர்ல 1987-ல் பீரங்கி ஊழலா வெடிச்ச அந்தப் பேர், மருந்து வேதியியல்லயும் இருக்கு. புபிவகெய்ன் கொழுப்புல நல்லாக் கரையும், நரம்புல இருக்கற புரதத்தை இறுக்கமாப் பிடிக்கும். அதனால லிடோகெய்னை விடப் பல மணி நேரம் அதிகமா நிக்கும். மூலம் ஆபரேஷன் முடியும்போது புண்ணைச் சுத்திப் போடறதுக்கு இதைவிடப் பொருத்தமா வேற எதுவும் அதுவரைக்கும் வரல.

இறுக்கமாப் பிடிக்கற குணத்துக்கு ஒரு விலை இருந்தது. தப்பித் தவறி மருந்து ரத்தக்குழாய்க்குள்ள போயிட்டா, இதயத்தையும் அதே மாதிரி பிடிச்சுக்கும். நின்ன இதயத்தைத் திரும்ப ஓட வைக்கறது ரொம்பக் கஷ்டம். 1979-ல் ஜார்ஜ் ஆல்பிரைட்ங்கற மயக்க மருந்து நிபுணர் இதைப் பத்தி எழுதின தலையங்கம் துறையையே உலுக்கிடுச்சு. பிரசவத்துக்கு 0.75 சதவீத கரைசலைப் பயன்படுத்தக் கூடாதுன்னு 1984-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. முடிவு வந்தது. அதுக்கப்புறம் வந்த ரோபிவகெய்னும் லெவோபுபிவகெய்னும் இதயத்துக்குக் கொஞ்சம் பாதுகாப்பான தம்பிகள். பாதுகாப்புல முன்னேற்றம்தான், ஆனா நேரக் கணக்குல அண்ணனைத் தாண்டல.

1998-ல் சிகாகோவுல கை வைன்பெர்க் எலிகள்ல ஒண்ணு கண்டுபிடிச்சார். சாப்பிட முடியாத நோயாளிக்கு நரம்பு வழியா ஏத்தற கொழுப்புக் கரைசல் இருக்கே, பால் மாதிரி வெள்ளையா, அதைக் கொடுத்தா புபிவகெய்ன் விஷத்தைத் தாங்கற சக்தி கூடுது. 2006-ல் மனுஷங்கள்ல முதல் உயிர் காப்பாத்தின செய்தி வெளியாச்சு. கொழுப்பை விரும்பற மருந்தைக் கொழுப்பை வச்சே பிடிக்கற வைத்தியம்.

அடுத்த அத்தியாயத்துலயும் ஹீரோ கொழுப்புதான். 1960-கள்ல இங்கிலாந்துல அலெக் பாங்கம் கண்டுபிடிச்ச லிப்போசோம், அதாவது கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழி. அதுக்குள்ள புபிவகெய்னை அடைச்சு, குமிழி உடைய உடைய மருந்து வெளிய வர்ற மாதிரி செஞ்சாங்க. கேப்ரியலோட எண்ணெய் யோசனையேதான், சுத்தமான வடிவத்துல. எக்ஸ்பாரெல்ங்கற பேர்ல 2011 அக்டோபர்ல எஃப்.டி.ஏ. அனுமதி. எந்த ஆபரேஷன்கள்ல சோதிச்சுக் காட்டினாங்க தெரியுமா? ஒண்ணு கால் பெருவிரல் எலும்பு ஆபரேஷன். இன்னொண்ணு, நம்ம மூலம். வலிக்குப் பேர்போனதா இருக்கறதால வலி மருந்தைச் சோதிக்க மூலம் ஒரு நல்ல களம் ஆயிடுச்சு.

அந்த மூல ஆய்வுல 189 பேர். புது மருந்து போட்டவங்க முதல் தடவை ஓபியாய்டு, அதாவது மார்ஃபின் வகை வலி மருந்து கேட்டது சராசரியா 14 மணி நேரம் கழிச்சு. எதிர் அணி ஒண்ணேகால் மணி நேரத்துலயே கேட்டுட்டாங்க. 72 மணி நேரம் முடியும்போது ஓபியாய்டே தொடாதவங்க 28 சதவீதம். எதிர் அணியில 10. இது சின்ன விஷயம் இல்ல. அமெரிக்காவுல அப்போ ஓபியாய்டு அடிமைத்தனம் பெரிய பிரச்சினை. அதோட ஓபியாய்டு மலச்சிக்கல் பண்ணும். மூலம் ஆபரேஷன் முடிஞ்சவருக்கு மலச்சிக்கல் வர்றதைவிடக் கொடுமை வேற என்ன இருக்கு?

சரி, அந்த எதிர் அணிக்கு என்ன ஊசி போட்டாங்க? உப்புத் தண்ணி. நாலஞ்சு டாலருக்குக் கிடைக்கற சாதாரண புபிவகெய்ன் இல்ல. புது மருந்து அப்போ ஒரு குப்பி முந்நூறு டாலர் அளவுல இருந்தது. நிஜ வாழ்க்கையில எந்த சர்ஜனும் மூலம் ஆபரேஷன் பண்ணிட்டு உப்புத் தண்ணி போட்டு அனுப்பறதில்ல. நோயாளிக்கு வேண்டியது "ஒண்ணுமே இல்லாததை விட நல்லதா?"ங்கற கேள்விக்கான பதில் இல்ல, "ஏற்கனவே இருக்கறதை விட நல்லதா, எவ்வளவு நல்லது?"ங்கறதுதான். எஃப்.டி.ஏ. சட்டப்படி முதல் கேள்விக்குப் பதில் போதும். அதுல கம்பெனி எந்த விதியையும் மீறல. ஆனா அந்தப் பதிலை வச்சு ரெண்டாவது கேள்விக்கும் விளம்பரம் பதில் சொல்லிடும். அங்கதான் எனக்கு உறுத்துது.

2021 பிப்ரவரியில அனஸ்தீசியாலஜிங்கற பத்திரிகை இந்த ரெண்டாவது கேள்வியை எடுத்துச்சு. மூலத்துல இல்ல, நரம்பு பிளாக்குகள்ல. குமிழி மருந்தையும் சாதா மருந்தையும் நேருக்கு நேர் வச்ச ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, வித்தியாசம் நோயாளி உணர்ற அளவுக்கு இல்லன்னு எழுதினாங்க. தயாரிப்பாளரான பசிரா கம்பெனி பத்திரிகையை நடத்தற அமெரிக்க மயக்க மருந்து மருத்துவர் சங்கத்து மேலயும், எழுதினவங்க மேலயும் வழக்கு போட்டுச்சு. பொருளை அவதூறு பண்ணிட்டாங்களாம். 2022-ல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி பண்ணிச்சு. 2023 மார்ச்சுல மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செஞ்சது. அறிவியல் கட்டுரையோட முடிவை எதிர்க்கணும்னா இன்னொரு ஆய்வால எதிர்க்கலாம், கோர்ட்டுல இல்லங்கறதுதான் தீர்ப்போட சாரம்.

நம்ம ஊர்ல இப்ப நடக்கறதைச் சுருக்கமா சொல்றேன். பெரும்பாலும் முதுகு ஊசியில ஆபரேஷன். முடியும்போது சர்ஜன் புபிவகெய்னோ ரோபிவகெய்னோ புண்ணைச் சுத்தியோ, அந்தப் பகுதிக்குப் போற புடெண்டல் நரம்புலயோ போடலாம். ஊசி இறங்கறதுக்குள்ளயே பாரசிட்டமாலும் வீக்க வலி மாத்திரையும் ஆரம்பிச்சிடணும். வலி வந்த பிறகு துரத்தறது கஷ்டம். மலமிளக்கி, வெந்நீர்ல உட்கார்றது. உங்களுக்கோ வீட்டுல யாருக்கோ ஆபரேஷன் இருந்தா, "ஊசி எத்தனை மணிக்கு இறங்கும், அதுக்கு முன்னாடி என்ன மாத்திரை?"ன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. தப்பே இல்ல. நீங்களா மெடிக்கல்ல வாங்கிப் போடாதீங்க, அவ்வளவுதான்.

முடிக்கறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை செயின்ட் மார்க்ஸ். 1998-ல் அங்கத்த டாக்டர்கள் லான்செட்ல ஒரு சின்ன ஆய்வு வெளியிட்டாங்க. ஆபரேஷன் முடிஞ்சு அன்னைக்கே வீட்டுக்குப் போன 40 நோயாளிகள். பாதிப் பேருக்கு மெட்ரோனிடசோல், வயித்துப்போக்குக்கு நமக்கெல்லாம் எழுதிக் கொடுப்பாங்களே அந்த ஆன்டிபயாடிக். மீதிப் பேருக்கு டம்மி மாத்திரை. அஞ்சாம் நாள்ல இருந்து ஏழாம் நாள் வரைக்கும், எந்த மரப்பு ஊசியும் எட்டிப் பார்க்க முடியாத நாட்கள்ல, மெட்ரோனிடசோல் எடுத்தவங்களுக்கு வலி குறைவா இருந்தது. சீக்கிரம் வேலைக்கும் போனாங்க. இங்கயும் எதிர்ல நின்னது டம்மிதான், ஆனா அந்த நாட்களுக்குன்னு வேற மருந்து எதுவும் வரிசையில இல்லாததால எனக்கு இது உறுத்தல. பின்னாடி வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே பக்கம் பேசல. இருந்தாலும், மரப்பு மருந்துக்கு நேரத்தை இழுக்கறதுலயே எல்லாரும் முட்டிக்கிட்டு இருந்தப்போ, புண்ணுல இருக்கற கிருமி பக்கம் திரும்பிப் பார்த்தாங்க இந்த டாக்டர்கள். விலை சில ரூபாய் மாத்திரை.